அழையாமல் வந்த தம்புரா: மின்கித்தாரின் இரைச்சலை அடக்கிய வரலாறு



தமிழையும் தமிழ்ப்பள்ளியையும் பற்றி எழுதும் ஆசிரியன் ஒருவன் இன்று மின்கித்தாரைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று ஆசிரியப் பெருமக்களும் பெற்றோர்களும் வியக்கலாம். காரணம் உண்டு. ஒரு மாணவனுக்கு நான் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் நான் பணியாற்றிய பள்ளியொன்றில் பரிசளிப்பு விழா நடைபெற்றது. ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்த எங்கள் முன்னாள் மாணவன் ஒருவன் மின்கித்தார் வாசிக்க இசைந்திருந்தான். அவன் கித்தாரை ஒலிபெருக்கியோடு இணைத்ததும் மண்டபம் முழுவதும் வண்டு முரல்வது போன்ற ரீங்காரம் எழுந்தது. சிறப்பு விருந்தினர் முகஞ்சுளித்தார். நான் மேடையோரத்தில் நின்று சைகை காட்டினேன். அவனோ மெல்லத் திரும்பித் திரும்பி நின்று பார்த்தான். கடைசியில் அவையோருக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டியவாறு நின்று வாசிக்கத் தொடங்கினான். இரைச்சல் குறைந்ததை நான் கவனிக்கவில்லை. முதுகு மட்டுமே என் கண்ணில் பட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். "கருவியைச் சரியாகப் பொருத்தவும் தெரியவில்லை, அவைக்கு மரியாதை தரவும் தெரியவில்லை" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கித்தாரை உறையில் இட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதன்பின் நெடுங்காலம் கழித்து, தன் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க அவனே வந்தான். பழைய நினைவுகளைப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த விழாவைப் பற்றி நானே கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "அது சிங்கிள் காயில் கித்தாருங்க ஐயா. அப்படித்தான் இரையும். ஒரு பக்கமாத் திரும்பி நின்னா இரைச்சல் அடங்கும். அதனாலதான் திரும்பினேன்" என்றான். இன்னும் வாசிக்கிறாயா என்று வினவினேன். "அப்பவே வித்துட்டேங்க" என்றான்.

அந்தச் சொல் என்னை வீடு வரை தொடர்ந்து வந்தது. அவன் கூறியது உண்மைதானா என்று படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்தறிந்த வரலாறே இக்கட்டுரை.

காந்தமும் கம்பிச்சுருளும்

1831ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கம்பிச்சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலம் மாறினால் அச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மின்னாக்கி, மின்மாற்றி ஆகிய அனைத்தும் இவ்வுண்மையில் விளைந்தவை. மின்கித்தாரும் அவ்வாறே.

மின்கித்தாரின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தம் ஒன்றும், அதனைச் சுற்றி மிக மெல்லிய செப்புக் கம்பியாலான சுருள் ஒன்றும் இருக்கும். இசைவாணர்கள் இதனைப் 'பிக்கப்' என்பர். காந்தத்தின் அருகில் இருப்பதால் தந்தியும் காந்தத்தன்மை பெறுகிறது. தந்தி அதிரும்போது சுருளைக் கடக்கும் காந்தப்புலம் அதே வேகத்தில் ஏறி இறங்குகிறது. சுருளில் மின்குறிகை பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பெருக்கி ஒலியாக்குகிறது.

இம்முறையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் கித்தார்க் கலைஞர் ஜார்ஜ் பீச்சம். 1931இல் அவர் அமைத்த மாதிரிக் கருவி, வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் 'வாணலி' என்று செல்லப்பெயர் பெற்றது. அடோல்ஃப் ரிக்கன்பேக்கரோடு இணைந்து 1932இல் அவர் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1937இல் காப்புரிமையும் கிடைத்தது. பின்னர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்திய லியோ ஃபெண்டர், 1954இல் மூன்று பிக்கப்புகள் கொண்ட 'ஸ்டிராட்டோகாஸ்டர்' கித்தாரை வெளியிட்டார். ஒவ்வொரு பிக்கப்பிலும் ஒரே சுருள். தலைமுடியளவே பருமனுள்ள கம்பி அதில் ஏறத்தாழ 8000 சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். 'சிங்கிள் காயில்', அதாவது ஒற்றைச் சுருள், என்று என் மாணவன் சொன்னது இதைத்தான்.

இரைச்சலின் சுருதி

கம்பிச்சுருளுக்குத் தந்தியின் காந்தப்புலம் எது, பிறவற்றின் காந்தப்புலம் எது என்று பிரித்தறியத் தெரியாது. மண்டபத்தின் மின்மாற்றிகள், குழல்விளக்குகள், விசிறிகள், சுவருக்குள் ஓடும் மின்கம்பிகள் ஆகியவற்றைச் சுற்றியும் காந்தப்புலம் இருக்கிறது. நம் நாட்டின் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அந்தப் புலமும் நொடிக்கு 50 முறை அலைகிறது. 8000 சுற்றுகள் கொண்ட சுருள் அதனையும் உண்மையோடு பதிவு செய்கிறது. அதன் மடங்குகளும் உடன்சேர, ஒலிபெருக்கியில் ரீங்காரம் எழுகிறது.

இசை பயின்ற பெற்றோர்களுக்கு ஒரு சுவையான செய்தி. நொடிக்கு 50 அதிர்வு என்பது, மிகத் தாழ்ந்த ஸ்தாயியில், ஏறத்தாழ ஐந்து கட்டைச் சுருதியாகும். அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு மட்டும் கூடுதல். அமெரிக்காவில் மின்னோட்டம் நொடிக்கு 60 சுழற்சி. ஆகவே அங்கே எழும் இரைச்சல் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் நிற்கிறது. மின்கித்தார் வாசிப்பவர் எந்தச் சுருதியில் வாசித்தாலும், அருகில் யாரோ ஒருவர் அழையாமல் வந்து வேறொரு தம்புராவை மீட்டிக்கொண்டிருப்பதற்கு ஒப்பானது இது.

கருநாடக இசையிலும் மின்னிசைக் கருவிக்கு இடம் உண்டு என்று நிலைநாட்டியவர் மேண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). நான்கு இரட்டைத் தந்திகளைக் கொண்ட மேற்கத்திய மேண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றி, மின்பெருக்கத்தின் துணையால் நாதத்தை நீட்டிக் கமகங்களை வாசித்துக் காட்டினார். நுண்ணிய கமகம் தேய்ந்து அடங்கும் இடத்தில் இரைச்சல் புகுந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்த்தால், இச்சிக்கல் மேற்கத்திய இசைக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

என் மாணவன் ஏன் திரும்பினான் என்பதற்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. காந்தப்புலத்திற்குத் திசை உண்டு. சுருளின் அச்சு அத்திசையில் அமைந்தால் இரைச்சல் மிகும். அதற்குச் செங்குத்தாக அமைந்தால் குறையும். கித்தாரை ஏந்தியபடி நின்ற இடத்திலேயே சுற்றினால், இரைச்சல் அடங்கும் கோணம் ஒன்று அகப்படும். அன்று அவன் தேடியது அந்தக் கோணத்தையே.

"சுற்றிலும் தகடு பொருத்தித் தடுக்கக்கூடாதா?" என்று கேட்கலாம். செப்புத் தகடு மின்புலத்தால் வரும் ஒருவகைக் கரகரப்பைத் தடுக்கும். நொடிக்கு 50 முறை அலையும் காந்தப்புலமோ அந்த மெல்லிய தகட்டை எளிதில் ஊடுருவிச் செல்லும். ஆகவே, தடுக்க முடியாததை வேறு வழியில் வெல்ல வேண்டியிருந்தது.

பினாங்கிலும் ஒலித்த கித்தார்

வரலாற்றின் அடுத்த படிக்குச் செல்லுமுன், இக்கருவி நம் மண்ணுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்ல வேண்டும். 1961இல் கிளிஃப் ரிச்சர்ட்டும் 'தி ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்தனர். ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் வாசித்தது ஸ்டிராட்டோகாஸ்டர். அந்தத் தெளிந்த, மணியோசை போன்ற ஒலி மலாயா, சிங்கப்பூர் இளைஞர்களைக் கவர்ந்தது. 1960களில் 'குகிரான்' எனப்பட்ட கித்தார்க் குழுக்கள் ஊர்தோறும் முளைத்தன.

1960களின் இறுதியில் நம் பினாங்கில் தோன்றிய 'அல்லிகேட்ஸ்' குழுவை அறியாத மலேசியர் குறைவு. டேவிட் ஆறுமுகமும் அவர்தம் உடன்பிறப்பு லோகநாதன் ஆறுமுகமும் அக்குழுவின் தூண்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதையும் தம்பால் ஈர்த்தனர். லோகநாதன் 2007இல் மறைந்தார். இசைக்கருவி ஏந்திய பிள்ளையைக் கண்டதும் "இது படிப்பைக் கெடுக்கும்" என்று முதலில் நினைக்கும் நாம், இவர்களையும் நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு

இரைச்சலை வெல்லும் வழி எது? தமிழாசிரியர்க்கு இதனை இலக்கணத்தால் விளக்குவது எளிது. "அவன் வராமல் இல்லை" என்றால் "வந்தான்" என்பதே பொருள். இரண்டு எதிர்மறைகள் சேர்ந்தால் உடன்பாடு ஆகிவிடும்.

ஒரு சுருளுக்குப் பக்கத்தில் இன்னொரு சுருளை வைத்து, அதனை எதிர்த்திசையில் மின்னிணைப்புச் செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருள்களிலும் ஒரே அளவில் பதியும். ஒன்றில் கூட்டலாகவும் மற்றொன்றில் கழித்தலாகவும் இருப்பதால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆனால் தந்தியின் இசையும் அவ்வாறே அழிந்துவிடுமே? அதற்காக இரண்டாம் சுருளின் காந்தத்தையும் தலைகீழாக்கினர். தந்தியின் குறிகை காந்தத்தால் ஒருமுறையும் இணைப்பால் ஒருமுறையும் மறுக்கப்படுவதால் உடன்பாடாகி, முதற்சுருளின் குறிகையோடு சேர்ந்து வலுப்பெறும். இரைச்சலோ பிக்கப்பின் காந்தத்தைச் சார்ந்ததன்று. ஒருமுறை மட்டுமே மறுக்கப்படுவதால் அது மறைந்துவிடும்.

இந்தக் கருத்துக்கு உரிமையாளர் ஒருவரல்லர். 1935இல் ஆர்னல்ட் லெஸ்டி இரட்டைச் சுருளால் இரைச்சலை நீக்கும் பிக்கப் ஒன்றை வடிவமைத்தார். பால்ட்வின் பியானோ நிறுவனத்தில் பணியாற்றிய நோப்லா என்பவர், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள்களை அடுக்கிய பிக்கப்புக்கு 1938இல் காப்புரிமை பெற்றார். அது பியானோவுக்காக எண்ணப்பட்டது. கித்தார் உலகம் அந்த அடுக்கு முறைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின.

கித்தாரில் இதனை நிலைபெறச் செய்தவர் செத் லவர். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1910இல் பிறந்த இவர், அவ்வூரிலேயே இருந்த கிப்சன் கித்தார் நிறுவனத்தில் மின்னணுப் பொறியாளராகப் பணியாற்றினார். ஒலிபெருக்கியில் இரைச்சலை எதிர்க்கும் சுருளைப் பயன்படுத்திய பட்டறிவே, அதே முறையைப் பிக்கப்பிலும் கையாளும் எண்ணத்தை அவருக்குத் தந்தது. 1955 ஜூன் 22ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. 1957 முதல் கிப்சனின் 'லெஸ் பால்' கித்தார்களில் அந்தப் பிக்கப் இடம்பெற்றது. காப்புரிமை 1959 ஜூலை 28இல்தான் கிடைத்தது. அதுவரையும் அதற்குச் சில ஆண்டுகள் பின்னரும் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்னும் சிறு ஒட்டுத்தாள் இருந்தது. அந்த ஒட்டுத்தாள் கொண்டவற்றை இன்று சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். 'இரைச்சலை எதிர்ப்பது' என்னும் பொருளில் இதற்கு 'ஹம்பக்கர்' என்று பெயர்.

ஏறத்தாழ அதே காலத்தில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ரே பட்ஸ் என்பவரும் தனியே முயன்று இத்தகைய பிக்கப்பை அமைத்தார். அது கிரெட்ச் நிறுவனத்தின் கித்தார்களில் 1957 அளவில் இடம்பெற்றது. ஒரே தேவை இருவேறு ஊர்களில் ஒரே விடையைப் பிறப்பித்தது.

அமைதிக்குக் கொடுத்த விலை

சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீரவில்லை.

ஹம்பக்கரின் இரண்டு சுருள்களும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இடைவெளியில் தந்தியை இரண்டு இடங்களில் கேட்கின்றன. தந்தியின் மிக நுண்ணிய அலைகளில், ஓரிடத்தில் முகடும் மற்றோரிடத்தில் பள்ளமும் அமையும்போது அவை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மேலும், இரண்டு சுருள்கள் தொடராக இணைவதால் சுருளின் மின்தூண்டல் மிகுந்து, உச்ச ஒலிகள் மங்குகின்றன. விளைவு, செறிவும் கனமும் உள்ள ஒலி. அதுவும் அழகியதுதான், ஆனால் ஸ்டிராட்டோகாஸ்டரின் கண்ணாடி போன்ற தெளிவு அதில் இல்லை.

ஆகவே, கலைஞர்கள் இரு பிரிவாயினர். அமைதியை விரும்பியோர் ஹம்பக்கரைக் கொண்டனர். தெளிவை விரும்பியோர் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு ஒற்றைச் சுருளிலேயே நின்றனர். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றோர் இரண்டாம் பிரிவினர். ஃபெண்டர் நிறுவனமும் பேஸ் கித்தார்களில் இடைவழி கண்டிருந்தது. 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரு துண்டுகளாகப் பிளந்து, இரண்டு தந்திகளுக்கு ஒரு துண்டு, மற்ற இரண்டுக்கு எதிர்முறையில் அமைந்த இன்னொரு துண்டு என வைத்தனர். ஒவ்வொரு தந்தியையும் ஒரு சுருளே கேட்டது; இரைச்சலை இரண்டு சுருள்களும் கேட்டு அழித்தன. ஆறு தந்திக் கித்தாரின் ஒற்றைச் சுருள் வடிவத்தையும் ஒலியையும் மாற்றாமல் இரைச்சலை மட்டும் நீக்குவதுதான் அரிதாக இருந்தது.

ஒற்றைச் சுருளின் வடிவில் இரட்டைச் சுருள்

இங்கேதான் பழைய அடுக்கு முறை மீண்டும் வந்தது. சுருள்களைப் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், மேற்சுருள் தந்தியைக் கேட்கும்; கீழ்ச்சுருள் தந்திக்குத் தொலைவில் இருப்பதால் பெரும்பாலும் இரைச்சலை மட்டுமே கேட்கும். தந்தியை ஒரே இடத்தில் கேட்பதால் ஒற்றைச் சுருளின் இயல்பு கெடாது. 1980களில் டிமார்சியோ, செய்மூர் டங்கன் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய அடுக்குப் பிக்கப்புகளை விற்றன.

ஆயினும் குறை இருந்தது. கீழ்ச்சுருளும் தந்தியைச் சிறிதளவு கேட்டது, அதுவும் எதிர்முகமாக. அதனால் இசையின் ஒரு பகுதி இரைச்சலோடு சேர்ந்து அழிந்தது. அந்த இழப்பை ஈடுசெய்யச் சுற்றுகளைக் கூட்டினால் ஒலி மங்கியது. 1990களில் ஆஸ்திரேலியாவின் கிரிஸ் கின்மன் போன்றோர் இரண்டு சுருள்களுக்கும் இடையில் எஃகுப் பகுதிகளை அமைத்து, தந்தியின் காந்தப்புலம் கீழ்ச்சுருளை எட்டாதவாறு திருப்பிவிட்டனர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பில் லாரன்ஸ் (1931–2013) சமாரியம் கோபால்ட் காந்தங்களைக் கொண்டு வடிவமைத்த இரைச்சலற்ற பிக்கப்புகளை ஃபெண்டர் நிறுவனம் 2004இல் தன் கித்தார்களில் பொருத்தியது.

இன்னொரு வழி கணித ஆசிரியர்களை மகிழ்விக்கும். சுருளில் எழும் இரைச்சலின் அளவு, சுற்றுகளின் எண்ணிக்கையையும் சுருளின் பரப்பளவையும் பெருக்கிய தொகைக்கு ஏற்ப அமையும். பிக்கப்பைப் போல் பத்து மடங்கு பரப்புள்ள பெரிய சுருள் ஒன்றை அமைத்தால், பத்தில் ஒரு பங்கு சுற்றுகளே போதும். 8000 சுற்றுகளின் இரைச்சலை 800 சுற்றுகள் ஈடுகட்டும். சுற்றுகள் குறைந்தால் அச்சுருள் ஒலியைப் பெரிதும் பாதிக்காது. கித்தாரின் பின்பக்கம், தந்தியிலிருந்து விலகிய இடத்தில் இதனை வைக்கலாம். 2000களில் சூர் நிறுவனத்தின் கித்தார்களில் இவ்வழி இடம்பெற்றது.

1955இல் தொடங்கிய தேடல் அரை நூற்றாண்டைக் கடந்தும் நீடித்தது. இரைச்சலை நீக்குவது கடினமாக இருக்கவில்லை. இரைச்சலோடு சேர்த்து இசையையும் நீக்கிவிடாமல் இருப்பதே கடினமாக இருந்தது.

நம் பள்ளி மண்டபத்திலும்

இந்தக் கொள்கை கித்தாருக்கு மட்டும் உரியதன்று. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இலேயே தொலைபேசிக் கம்பிகளை இணையிணையாக முறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கம்பிகளிலும் சமமாகப் பதியும் இரைச்சல், இரண்டின் வேறுபாட்டை மட்டும் கேட்கும்போது மறைந்துவிடுகிறது. இன்று நம் பள்ளிக் கணினி அறையின் இணையக் கம்பிக்குள்ளும் முறுக்கிய இணைகளே உள்ளன. மேடை ஒலிவாங்கியின் மூன்று ஊசிக் கம்பியும் இதே முறையில் இயங்குகிறது. தலைமையாசிரியர் உரையாற்றும்போது இரைச்சல் கேட்காததற்கும், அதே மேடையில் என் மாணவனின் கித்தார் இரைந்ததற்கும் காரணம் இதுவே. ஒலிவாங்கிக்கு இரட்டைக் கம்பியின் பாதுகாப்பு இருந்தது. அவனுடைய ஒற்றைச் சுருளுக்கு அது இல்லை.

1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் பினாங்கின் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டு வருகின்றன. நம் பெற்றோர்களில் பலர் அங்கே பணியாற்றுபவர்கள். காந்தமும் மின்சாரமும் பற்றிய பாடத்தை நடத்தும்போது ஒரு மின்கித்தாரை வகுப்பிற்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாணவர் ஒருவரை அதனை ஏந்தி மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். இரைச்சல் ஏறுவதையும் அடங்குவதையும் பிள்ளைகள் தம் காதாலேயே கேட்பார்கள். ஃபாரடேயின் விதியை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கற்பிக்காது.

சென்ற ஆண்டு நான் அதனைச் செய்து பார்த்தேன். கித்தாரைக் கொண்டுவந்தது அந்த முன்னாள் மாணவன்தான். தன் மகளின் வகுப்பிற்காக நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். பிள்ளைகள் முன்னிலையில் அவன் மெல்லத் திரும்பினான், இரைச்சல் தேய்ந்தது, எங்களுக்கு முதுகைக் காட்டியவாறு நின்றான். "அன்று இவர் செய்தது இதைத்தான். தவறாகப் புரிந்துகொண்டு பலர் முன்னிலையில் கடிந்தவன் நான்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பலர் முன்னிலையில் சொன்ன பழியைப் பலர் முன்னிலையில்தானே திரும்பப் பெற வேண்டும்?

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நின்ற கோணம் மாறாமல் வாசிக்கத் தொடங்கினான்.